துணித் தோணியும் அக்காவுக்கு நான் போடாத கோடியும்

எங்கள் வீட்டில் எனக்கு மட்டும் கேன் தண்ணீர். அம்மா அதைத் தனிச் செம்பில் ஊற்றி, தட்டுப் போட்டு மூடி, என் பக்கத்தில் வைக்கிறாள். மற்றவர்கள் குழாயில் பிடித்த தண்ணீரைத்தான் குடிக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து வந்த அன்றைக்கு நான் எழுந்து போய்க் குடத்தில் மோந்தேன். வயிற்றுக்குச் சேராது என்று அம்மா டம்ளரைப் பிடுங்கிக்கொண்டாள். இருபத்தோரு வருஷம் இந்தத் தண்ணீரைக் குடித்த வயிறு மூன்று வருஷத்தில் எப்படிச் சேராமல் போகும் என்று கேட்டேன். அவள் சோற்றுத் தட்டில் ஸ்பூன் வைத்தாள். சின்ன வயசிலிருந்து நான் விசைத்தறி ஓடும் அறையில்தான் தூங்கியிருக்கிறேன். இப்போது நான் அங்கே போய்ப் படுத்தால் அப்பா தறியை நிறுத்திவிடுகிறார். சத்தம் நின்றதும் எனக்கு விழிப்பு வந்துவிடுகிறது.

விருந்தாளியை இப்படித்தான் நடத்துவார்கள். விருந்தாளியிடம் வீட்டுச் சண்டையைச் சொல்ல மாட்டார்கள், வீட்டில் யாருக்காவது உடம்பு முடியாமல் போனாலும் சொல்ல மாட்டார்கள். என் அக்கா கோமதி பன்னிரண்டு நாள் மஞ்சள் காமாலையில் கிடந்து செத்துப்போனது எனக்கு அப்படித்தான் தெரியாமல் போனது. இதை ஆற அமர எழுத எனக்கு வராது. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். வெளிநாட்டில் கிடக்கிற பிள்ளைகளும், பிள்ளையை அனுப்பிவிட்டு ஊரில் இருக்கிற வீடுகளும் இதைப் படிக்க வேண்டும்.

போலந்து எங்கே இருக்கிறது என்று தெரியாமல்தான் போனேன். ஏஜென்ட் ஒரு கோழிக்கறிக் கம்பெனியில் கொண்டுபோய் விட்டான். எட்டு மாசம் குளிர் அறையில் நின்று பாக்கெட் போட்டேன். அந்த ஊரை ஒட்டிப் பெரிய ஏரி ஒன்று இருந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை கரையில் நடந்தபோது ஒரு கொட்டகைக்குள் நீள நீளமாக மரச்சட்டங்கள் தெரிந்தன. பக்கத்தில் துணிச் சுருள் சாய்ந்து நின்றது. தறிதான் என்று நினைத்து உள்ளே போய்விட்டேன். தறி இல்லை. ஆனாலும் கை சும்மா இருக்கவில்லை. துணியைக் கிள்ளிப் பார்த்து, ஓரத்தில் ஒரு இழையை உருவி, கஞ்சி எவ்வளவு போட்டிருக்கிறார்கள் என்று நாக்கில் வைத்துப் பார்த்தேன். நிமிர்ந்தால் அறுபது வயசு மனிதர் ஒருவர் கையில் உளியோடு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர்தான் மாரெக். பெயருக்கு முன்னால் 'பான்' என்று சேர்த்துச் சொல்ல வேண்டும், நாம் ஐயா என்பதைப் போல. அடுத்த வருஷம் அவர் என் பெயரில் பெர்மிட் எழுதிப்போட்டு என்னை வேலைக்கு வைத்துக்கொண்டார்.

அவர் செய்வது கயாக். ஒரு ஆள் காலை நீட்டி உட்கார்ந்து, இரண்டு முனையிலும் இலை வைத்த ஒற்றைத் துடுப்பால் தள்ளிக்கொண்டு போகிற ஒல்லித் தோணி. இப்போது கடையில் விற்பதெல்லாம் பிளாஸ்டிக். இவர் செய்வது, நீளவாக்கில் மெல்லிய மரச்சட்டம், குறுக்கே விலா எலும்பு மாதிரி வளைத்த குச்சிகள், எல்லாவற்றுக்கும் மேலே கித்தான் துணியை இழுத்துத் தைத்து எண்ணெய்ப் பெயின்ட் அடிப்பது. பாட்டன் காலத்துத் தோணிகளையும் ஆட்கள் கொண்டுவந்து கொடுப்பார்கள். இற்றுப்போன துணியை உரித்து, உளுத்த குச்சியை மாற்றி, புதுத் துணி போட்டுக் கொடுக்க வேண்டும். அந்தத் துணியைத் துவைக்காமல் அப்படியே போட வேண்டும் என்பதுதான் அதில் முக்கியம். தைத்து முடித்த பிறகு தண்ணீர் தெளித்தால் பருத்தி சுருங்கி மேளத்தோல் மாதிரி இறுகிவிடும். இதை மாரெக் ஒரு வாரம் சைகை காட்டி எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். எனக்குச் சிரிப்பு வந்தது. புதுத் துணி தண்ணீரில் என்ன செய்யும் என்று நெசவுக்குப் பேர்போன சங்கரன்கோவில்காரனுக்குச் சொல்லித் தருகிறார்.

அக்காவிடம் சொன்னபோது அவளும் சிரித்தாள். அவள் கல்யாணமாகிச் சிவகிரிக்குப் போகும்வரை எங்கள் வீட்டு இரண்டு தறியில் ஒன்று அவளுடையது. ஒன்று அவள் பார்ப்பாள், ஒன்று நான். நான் இழை அறுந்தது தெரியாமல் பராக்குப் பார்த்தால், நூல் சுற்றிய தார்க்குச்சியை எடுத்து என் தலையில் எறிவாள். போலந்துக்குப் போன பிறகு கித்தானைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாள். போனில் பெரிதாக்கி, ஒரு இஞ்சுக்கு நீளவாக்கில் பாவு எத்தனை இழை, குறுக்கே ஊடை எத்தனை இழை என்று எண்ணியிருக்கிறாள். மறுநாள் கூப்பிட்டு, "ஏலே, பாவு சரியாத்தான் இருக்கு, ஊடைல முறுக்கு பத்தாது. இதையா தோணிக்குக் கட்டிவிடுத? நம்ம அப்பா நெய்யுத சேலையக் கட்டிவிடு, பாக்கவாவது லெச்சணமா இருக்கும்" என்றாள். ஒவ்வொரு ஞாயிறும் இப்படித்தான் பேசுவோம். அவளுக்குப் பிள்ளை இல்லை. அதைப்பற்றி அவள் வீட்டில் என்ன பேசுகிறார்கள் என்று ஒருநாளும் சொன்னதில்லை. தோணியைப் பற்றித்தான் கேட்பாள்.

இரண்டு ஞாயிறு அவள் போனை எடுக்கவில்லை. அம்மாவைக் கேட்டால், சிவகிரியில் கோயில் கொடை, வீடு நிறைய ஆள், அவளுக்குப் பேச நேரமில்லை என்றாள். அந்த வாரம் வெள்ளிக்கிழமை, மத்தியானம் ரொட்டி தின்றுகொண்டே போனில் ஸ்டேட்டஸ் பார்த்தேன். கூடப் படித்தவன் ஒருவன் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் ஃபிளெக்ஸ் கடையில் டிசைன் போடுகிறான். கல்யாண பேனர், காதுகுத்து பேனர் என்று தான் செய்வதையெல்லாம் ஸ்டேட்டஸில் வைப்பான். அன்றைக்குக் கண்ணீர் அஞ்சலி வைத்திருந்தான். அக்காவின் கல்யாண போட்டோவில் அத்தானை வெட்டிவிட்டு அவளை மட்டும் நடுவில் ஒட்டியிருந்தான். சுற்றிலும் ரோஜாப்பூ. கீழே 'இப்படிக்கு வருத்தத்துடன்' என்று பெயர் வரிசை. நான்காவது பெயர் என்னுடையது. பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் போலந்து என்று போட்டிருந்தது. தேதியைப் பார்த்தால், என் அக்கா செத்ததற்கு நான் வருத்தப்பட்டு அச்சடித்து ஊரெல்லாம் ஒட்டி மூன்று நாள் ஆகியிருக்கிறது. எனக்குத்தான் தெரியாது.

மாரெக் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வந்தார். போனை நீட்டினேன். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பட்டுச்சேலை, நகை, பூ. அழகாக இருக்கிறாள் என்று அவர் பாஷையில் சொல்லி, "வெசெலே?" என்று சிரித்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். வெசெலே என்றால் கல்யாணம். அவர் ஊரிலும் சாவுக்கு நோட்டீஸ் ஒட்டுவார்கள். கறுப்புக் கட்டம் போட்ட வெள்ளைத் தாளில் பெயரும் நேரமும் மட்டும் இருக்கும், கோயில் கதவுப் பக்கம் ஒட்டிவிட்டுப் போவார்கள். செத்தவளைப் பூவுக்கு நடுவில் சிரிக்கவைப்பார்கள் என்று அவருக்கு எப்படித் தெரியும். அவர்மேல் கோபப்பட நியாயம் இல்லை. ஆனாலும் கையை உதறிவிட்டேன். பிறகு போனில் மொழிபெயர்த்துக் காட்டினேன். அவர் குல்லாவைக் கழற்றினார். கூடப்பிறந்தவர் இறந்தால் சட்டப்படி ஒருநாள் லீவு உண்டு என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். ஒருநாள். விமானத்தில் ஏறி உட்காரக்கூட அது காணாது.

அப்பாவுக்குப் போன் போட்டேன். தெரிந்துபோனதா என்றுதான் முதலில் கேட்டார். காமாலை வந்ததையும் நாட்டுமருந்து கொடுத்ததையும் பிறகுதான் சொன்னார். கோடி யார் போட்டது என்று கேட்டேன். சித்தப்பா மகன் என் பெயரில் போட்டுவிட்டதாகச் சொன்னார். எங்களில் கல்யாணமான பெண் செத்தால், கூடப்பிறந்தவன் பிறந்த வீட்டிலிருந்து புதுச்சேலை கொண்டுபோய் அவள் உடம்பில் போர்த்த வேண்டும். மடிப்புக் கலையாத, தண்ணீர் காணாத சேலை. அதுதான் கோடி. அவளுக்கு அண்ணன் தம்பி என்று நான் ஒருவன்தான். சித்தப்பா மகன் சிவகிரியில் பஸ்ஸை விட்டு இறங்கி, எதிரே இருந்த கடையில் ஒரு பாலியஸ்டர் சேலையை எடுத்துக்கொண்டு போயிருக்கிறான். பதினாறு வயசிலிருந்து பருத்தி நெய்தவளைப் பாலியஸ்டரைப் போர்த்தி எரித்திருக்கிறார்கள். அதுவும் என் பெயரைச் சொல்லி.

மறுநாள் ஒரு பழைய தோணிக்குத் துணி போட வேண்டிய நாள். துணியை உரித்த சட்டம் இரண்டு மரத் தாங்கிகள்மேல் நீளமாகக் கிடந்தது. மாரெக் டவுனுக்குப் போயிருந்தார். சுருளிலிருந்து கித்தானை வெட்டி, ஒரு முனையைப் பிடித்து அதன்மேல் விரிக்கப் போனேன். விலா எலும்பும் முதுகெலும்புமாக ஒரு ஆள் நீளத்துக்கு மேல் கிடக்கிறது. என் கையில் தண்ணீர் காணாத புதுத் துணி. அக்காவுக்குப் போடவேண்டிய கை, யாரோ ஒருவரின் தோணிக்குக் கோடி போடப் போகிறது. என்னால் முடியவில்லை. துணியைக் கொண்டுபோய்க் குளியல் தொட்டியில் போட்டு முக்கித் துவைத்தேன். அலசிக் காயப்போட்டேன். சமையலுக்கு அம்மா கொடுத்துவிட்ட மஞ்சள்பொடியைக் குழைத்து ஒரு மூலையில் தொட்டு வைத்தேன். உயிரோடு இருக்கிறவர்கள் புதுத் துணி உடுத்துவதற்கு முன் அப்படித்தானே செய்வோம். சுருங்க வேண்டியதெல்லாம் தொட்டியிலேயே சுருங்கிவிடும், இனி இந்தத் துணி தோணியில் இறுகாது என்று எனக்கு நன்றாகத் தெரியும். தெரிந்துதான் செய்தேன். சாயங்காலம்வரை அழுதுகொண்டே தைத்தேன்.

திங்கட்கிழமை மாரெக் தண்ணீர் தெளித்தார். துணி தொய்ந்துபோய்க் குச்சிக்குக் குச்சி பள்ளம் விழுந்து கிடந்தது. இன்னும் தெளித்தார். பிறகு மூலையில் மஞ்சளைப் பார்த்துவிட்டார். விரலால் தேய்த்து மோந்து பார்த்தார். துணியின்மேல் வைத்துச் சாப்பிட்டிருக்கிறேன், கறை பட்டதும் பயந்து துவைத்திருக்கிறேன் என்று அவருக்குத் தோன்றிவிட்டது. சாப்பாடு இங்கே கூடாது, எத்தனை தடவை சொல்லியிருக்கிறேன் என்று கத்தினார். கத்தியை எடுத்து இந்த முனையிலிருந்து அந்த முனைவரை என் தையலைக் கீறினார். நான் தமிழில் கத்தினேன். என்ன கத்தினேன் என்று இங்கே எழுத முடியாது. அவருக்கு ஒரு வார்த்தை புரியவில்லை என்பது எனக்கு வசதியாக இருந்தது. கத்தி முடித்தபோது ஊருக்குப் போவதென்று முடிவாகிவிட்டது.

அங்கே தங்குவதற்கான என் கார்டு அப்போது ஆபீசில் இருந்தது. கார்டு கைக்கு வருவதற்குள் நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்ப உள்ளே வர முடியாது. மாரெக் இதை ஒரு தாளில் படம் போட்டே காட்டினார். விமானம், ஒரு அம்பு, திரும்பி வருகிற அம்பின்மேல் பெருக்கல் குறி. தெரியும் என்று தலையாட்டினேன். கதவுவரை வந்து, சாப்பிட வைத்திருந்த ஆப்பிளை என் பையில் போட்டார். நான் கும்பிடவும் இல்லை, கை கொடுக்கவும் இல்லை.

பதினான்காம் நாள் காலையில் வீட்டில் நுழைந்தேன். அப்பா தறியில் நின்றார்.

"என்னத்துக்குலே வந்த?" என்றார்.

அக்காவுக்காக என்றேன்.

"அவதான் போயிட்டாளே. சொன்னா நீ ஓடி வந்துருவ, வந்தா கார்டு போயிரும். ரெண்டும் போகணுமாக்கும்?"

"எங்கிட்ட சொல்ல வேண்டாம்னு முடிவு பண்ண நீங்க யாரு?"

"உங்கப்பன்" என்றார். தறியைத் திரும்ப ஓடவிட்டார். அவர் கண் கலங்கியிருந்ததா என்று என்னைக் கேட்காதீர்கள், நான் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாதென்று சுவரைப் பார்த்து நின்றேன்.

பதினாறாம் நாள் விசேஷத்துக்குச் சிவகிரி போனோம். அங்கே என்ன செய்யவேண்டும் என்பதை விமானத்திலேயே முடிவு பண்ணி வைத்திருந்தேன். அன்றைக்குச் செத்தவளின் தம்பி, அவள் புருஷனுக்குத் தலையில் புதுத் துண்டைச் சுற்றி உருமா கட்ட வேண்டும். உன் துக்கம் முடிந்தது, இனி நீ நல்ல காரியங்களுக்குப் போகலாம் என்று பிறந்த வீடு கொடுக்கிற சம்மதம் அது. தை மாசத்துக்குள் அத்தானுக்கு வேறு பெண் பார்த்துவிடுவார்கள் என்று பஸ்ஸிலேயே பேச்சு அடிபட்டது. நான் கட்ட மாட்டேன். எல்லார் முன்னாலும் துண்டைக் கீழே போட்டு, பத்து நாள் நாட்டுமருந்து கொடுத்துவிட்டு ஆள் சுருண்டபிறகு எதற்கு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனீர்கள் என்று கேட்பேன். அந்த ஒரு கேள்விக்காகத்தான் கார்டை விட்டுவிட்டு வந்தேன். செத்தவளுக்கு நான் செய்வதற்கு அது ஒன்றுதான் மிச்சம் இருந்தது.

பந்தல் போட்டிருந்தார்கள். அத்தான் மொட்டைத் தலையோடு மணையில் உட்கார்ந்திருந்தார். ஆள் பாதியாகியிருந்தார். துண்டை என் கையில் கொடுத்தார்கள். சித்தப்பா பின்னால் நின்று, "சட்டுனு கெட்டுடே, நேரமாவுது, போலந்துல இதெல்லாம் மறந்துபோச்சா?" என்றார். இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். நான் துண்டை உதறினேன். அப்போது அத்தான் தலையைக் குனிந்தபடியே, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி பேசினார்.

"மாப்ள, ஒனக்கு ஒரு நாள் போன் அடிச்சேம்லா. நீ எடுக்கல."

என்றைக்கு என்று கேட்டேன்.

"அவ தின்னவேலி ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன்னு அழுத அன்னைக்கு. ஊசின்னா அவளுக்கு எம்புட்டு பயம்னு ஒனக்குத் தெரியும்லா. தம்பி சொன்னா வாரேன்னா. அதான் அடிச்சேன். பொறவு ஒங்கப்பாதான் அவனுக்கு அடிக்கக் கூடாதுன்னுட்டாரு."

எனக்கு அந்த நாள் தெரியும். உளுத்த குச்சிக்குப் பதில் புதுக் குச்சி வளைத்துக்கொண்டிருந்தேன். மரக்குச்சியை ஆவிப்பெட்டியில் அரைமணி நேரம் வேகவைத்து வெளியே எடுத்தால், பத்து எண்ணுவதற்குள் வளைத்துவிட வேண்டும். விட்டால் விறைத்துப்போய் முறிந்துவிடும். குச்சி கையில் இருக்கும்போது பலகையில் போன் அதிர்ந்தது. சிவகிரி அத்தான் என்று பெயர் தெரிந்தது. அவருடைய பெரியப்பா மகனுக்குப் போலந்து விசா கிடைக்குமா என்று அதற்கு முன் இரண்டு தடவை கேட்டிருந்தார். மூன்றாவது தடவையாகத்தான் இருக்கும் என்று நினைத்தேன். குச்சியை வளைத்தேன். நல்ல வளைவு, மாரெக் தட்டிக்கொடுத்தார். அதற்குப் பிறகாவது திருப்பிக் கூப்பிட்டிருக்கலாம். மறந்தேன் என்று சொன்னால் பொய். வேண்டாம் என்று விட்டேன்.

துண்டைக் கீழே போடவில்லை. கேள்வியையும் கேட்கவில்லை. மூன்று சுற்றுச் சுற்றி நுனியைச் செருகிவிட்டேன். ஆட்கள் பந்திக்கு எழுந்து போனார்கள். நல்லபடியாக முடிந்தது என்று அப்பா யாரிடமோ சொல்லிக்கொண்டிருந்தார். எல்லார்மேலும் பட வேண்டிய கோபம் அப்படியே நெஞ்சில் நின்றது. அப்பாமேல் போடலாம் என்றால், அவர் மறைப்பதற்கு முன்னாலேயே நான் எடுக்காமல் விட்டிருக்கிறேன். அத்தான்மேல் போடவும் முடியாது, கூப்பிட்ட ஒரே ஆள் அவர்தான். இந்தக் கோபம் ஊருக்கு வந்தும் குறையவில்லை, எழுதியும் குறையவில்லை. வீடுகளுக்குச் சொல்கிறேன், மறைக்காதீர்கள். பிள்ளைகளுக்குச் சொல்கிறேன், இன்னொரு விசாதான் கேட்கப்போகிறார்கள் என்றாலும் போனை எடுங்கள்.

நான் வந்து இரண்டு மாசம் ஆகப்போகிறது. யாராவது கேட்டால், அடுத்த வாரம் கிளம்புகிறான் என்று அப்பா சொல்கிறார். நான் திருத்துவதில்லை. மாரெக் போன வாரத்திலிருந்து வாட்ஸாப்பில் போட்டோ அனுப்பத் தொடங்கியிருக்கிறார். அங்கே இன்னொரு தோணியை நான் முழுசாகப் பிரித்துப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். திரும்பக் கூட்டப்போவது நான்தானே என்று, எந்தக் குச்சி எங்கே வரும் என்பதற்கு ஒவ்வொன்றின் உள்பக்கத்திலும் அ, ஆ, இ, ஈ என்று பென்சிலில் எழுதி வைத்திருந்தேன். அவருக்கு அது எழுத்தா, கிறுக்கலா என்றே தெரியவில்லை. ஒவ்வொரு குச்சியாகப் படம் எடுத்து அனுப்பிக் கேள்விக்குறி போடுகிறார். பதில் போடக் கூடாது என்று நினைக்கிறேன். ஆனால் இப்போது எந்த அழைப்பையும் என்னால் விட முடிவதில்லை. போன் அதிர்ந்தால் சோற்றுக் கையோடு எடுத்துவிடுகிறேன்.

நேற்று மத்தியானம் வந்த படத்தில் 'ஊ' இருந்தது. அத்தான் கூப்பிட்டபோது என் கையில் இருந்த குச்சி. வளைவு கொஞ்சமும் விலகாமல் அப்படியே நிற்கிறது. முன்னாலிருந்து ஆறாவது என்று அவர் பாஷையில் தட்டி அனுப்பினேன். நன்றி, நாளைக்குத் துணி போடுகிறேன் என்று பதில் வந்தது. துணி ஏறிவிட்டால் அந்த எழுத்தை வெளியிலிருந்து யாரும் பார்க்க முடியாது. கோடை வந்ததும் எனக்குத் தெரியாத யாரோ அதில் காலை நீட்டி உட்கார்ந்து ஏரிக்குள் போவார்கள். அந்தக் குச்சி அவர்கள் முழங்காலை ஒட்டினாற்போல் இருக்கும்.